ஈன விடுவதும் ஒரு செயல்தான்

திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயத்தில் யாரிடமாவது "வீட்டுப் பொட்டை நாய்க்கு ஆபரேஷன் பண்ணப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ பாவம், ஒரு ஈத்தாவது போடட்டுமே" என்பார்கள். ஆண் நாய் என்றால், "காயடிச்சுட்டா அப்புறம் காவலுக்கு ஆவாது" என்பார்கள். கொஞ்சம் படித்தவர், இயற்கையில் மனிதன் கை வைக்கக் கூடாது என்பார். செல்போனில் நாட்டு நாய்க் காணொளிகளைப் பார்த்து வளர்ந்த இளைஞருக்குக் கோபமே வரும். நம் இனங்களை அழிக்கும் வேலை இது என்பார். ஆட்கள் வேறு வேறு, முடிவு ஒன்றுதான்: நாயை அதன் போக்கில் விடு. வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் இதே பேச்சுதான். சென்னை அடுக்ககங்களில் இதையே ஆங்கிலம் கலந்து பேசுகிறார்கள்.

இந்த எண்ணத்துக்குக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது என்பதே என் வாதம். வீட்டு நாயைக் குட்டி போட விட்டவர், தான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். விட்டதும் ஒரு செயல்தான். அதன் விளைவாக ஐந்தாறு உயிர்கள் வந்து சேர்கின்றன. அந்த ஐந்தாறில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தவருக்கே அந்தச் செயலுக்கு உரிமை உண்டு. முடியாதவருக்கு அறம் என்பது நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கருத்தடை செய்வதுதான்.

இயற்கை வாதத்திலிருந்து தொடங்குவோம். அதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஆடு மாடு வளர்த்த குடும்பத்துப் பிள்ளைகள். காளைக் கன்று எப்படி ஏர் மாடானது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. காலைக் கட்டிச் சாய்த்து, நாலு பேர் அமுக்கிப் பிடித்து, கிட்டி போட்டு விதையை நசுக்கினார்கள். மயக்க ஊசி எதுவும் கிடையாது. வெள்ளாட்டுக் கிடாய்க்கு விதை அடித்தால் கறியில் வீச்சம் இருக்காது, சதை பிடிக்கும் என்று இன்றைக்கும் அடிக்கிறோம். பசு பருவத்துக்கு வந்தால் காளையைத் தேடுவதில்லை; கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடுகிறோம். உரிய முறையில் செய்தால் காயடிப்பதும் மூக்கணாங்கயிறு குத்துவதும் வதையாகாது என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர், 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவருக்கு விலங்குகள் மேல் இரக்கம் போதாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, விலங்கின் இனப்பெருக்கத்தில் கை வைப்பது நமக்குப் புதிதும் அல்ல, பாவமாகப் பட்டதும் அல்ல. நமக்கு வரவு உள்ள இடத்தில் இயற்கை குறுக்கே நின்றதில்லை. நாய் விஷயத்தில் கைக்காசு செலவாகும் என்றதும்தான் அது நினைவுக்கு வருகிறது.

நாயின் இனப்பெருக்கமே மனிதன் கை பட்டு மாறியதுதான். அதன் மூதாதையான ஓநாய் ஆண்டுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும். கூட்டத்திலும் பெரும்பாலும் ஒரே ஒரு இணைதான் குட்டி போடும், மற்றவை அந்தக் குட்டிகளை வளர்க்க உதவும். வீட்டு நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வருகிறது; அறுபத்து மூன்று நாள் சினை; ஒரு ஈத்துக்கு நாலு முதல் எட்டுக் குட்டிகள். மனிதனின் சோற்றை அண்டி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தந்த வேகம் இது. சங்கிலியில் கட்டி, சோறு போட்டு, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வளர்க்கும் பிராணிக்கு எல்லாவற்றையும் நாம் தீர்மானித்துவிட்டு, ஈனுவதை மட்டும் காட்டு நியதிக்கு விட்டோம் என்பது எந்த நியாயம்?

"அதுக்கும் தாயாவணும்னு ஆசை இருக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பருவத்தின் தவிப்பு உண்மை. அது சுரப்பிகளின் வேலை. வராத ஈத்தை நினைத்து ஏங்கும் பிராணி அல்ல நாய். ஆனால் ஈன்ற குட்டியை இருபத்தைந்தாம் நாள், முப்பதாம் நாள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனால் அது தேடுகிறது, இரவெல்லாம் முனகுகிறது, பால் கட்டிய மடியோடு வாசலுக்கும் தெருவுக்கும் அலைகிறது. தாய்மையின் பேரால் பேசுகிறவர்கள் பேச வேண்டியது அந்த நாளைப் பற்றி.

இங்கே என் தரப்பார் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் நாயும் அதன் வாரிசுகளும் ஆறே ஆண்டில் 67,000 ஆகிவிடும் என்று கருத்தடைத் துண்டறிக்கைகளில் அச்சிடுகிறார்கள். பிறந்த குட்டியெல்லாம் பிழைத்து, பிழைத்ததெல்லாம் ஈன்றால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அப்படி எந்த ஊரிலும் நடப்பதில்லை. நடப்பது என்ன என்பதை கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத் தெருக்களில் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்டது. அவர்கள் பின்தொடர்ந்த 364 குட்டிகளில், குட்டி போடும் வயதை எட்டியவை 100க்கு 19 மட்டுமே. இழப்புகளில் 63 விழுக்காடு மனிதனால் நேர்ந்தது. அவை தெருவில் பிறந்து தாயின் பக்கத்திலேயே வளர்ந்த குட்டிகள். வீட்டுத் திண்ணையில் பிறந்து, பால்குடி மறக்கும் முன் கோணிப்பையில் போய்ச் சேரும் குட்டிகளின் கதி அதைவிட மேலாக இருக்க வழியில்லை. நாய்கள் 67,000 ஆகாததற்குக் காரணம் சாவு. எண்ணிக்கையை அடக்கும் வேலையை மருத்துவர் செய்யாவிட்டால் லாரி டயரும் பார்வோ நோயும் பசியும் செய்கின்றன. கத்தியா இயற்கையா என்று கேட்பது அதனால்தான் பொய்யான கேள்வி. மயக்க மருந்தோடு ஒரு நாய்க்கு ஒரு முறை நேரும் வலியா, ஒவ்வொரு ஈத்திலும் ஐந்து குட்டிகளில் நாலின் சாவா என்பதே எதிரில் உள்ள கேள்வி.

நம் பக்கத்து நடைமுறையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். கார்த்திகை, மார்கழியில் நாய்கள் சேரும். தை முடிவிலும் மாசியிலும் குட்டிகள் பிறக்கும். அவை கண் திறந்து, தத்தித் தத்தி வாசலுக்கு வந்து, வீட்டுக்காரருக்குத் தொல்லையாகத் தெரியத் தொடங்கும்போது பங்குனி வெயில் ஏறியிருக்கும். ஆண் குட்டியை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டியை யாரும் கேட்பதில்லை. அவற்றைப் பையில் போட்டு, கறிக்கடை ஓரம், கல்யாண மண்டபத்துப் பின்புறம், கோயில் வாசல், காவலூர் போகும் மலைச் சாலை என்று சோறு கிடைக்கும் என நம்பும் இடத்திலோ, யாரும் பார்க்காத இடத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். "யாராவது எடுத்துக்குவாங்க" என்பது அப்போது சொல்லும் சமாதானம். தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டும் பெண். அடுத்த ஆண்டு தெருவில் ஈனப்போவதும் அவைதான். ஆண் குட்டியை வீட்டுக்கும் பெண் குட்டியைத் தெருவுக்கும் என்று நாமே பிரித்து அனுப்பிவிட்டு, தெருவில் நாய் பெருத்துவிட்டது என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுக்கிறோம்.

பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது மேலே சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தவருக்குத் தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இரண்டு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கினாலே அந்தக் காசு தீர்ந்துவிடும். சட்டம் இந்த விஷயத்தில் நம்மைத் தடுக்கப்போவதில்லை. மனசாட்சிதான் தடுக்க வேண்டும்; அதைத்தான் "பாவம், ஒரு ஈத்து" என்று சொல்லித் தூங்கவைத்திருக்கிறோம்.

"அதெல்லாம் தெருநாய்ப் பிரச்சினை, வீட்டு நாய் வேறு" என்பார்கள். அடுக்ககத்தில் வேறாக இருக்கலாம். ஆலங்காயத்தில் அப்படி ஒரு சுவர் கிடையாது. நம் வீட்டு நாய் வீட்டில் தின்று, தெருவில் படுத்து, ஏரிக்கரை வரை சுற்றி, இருட்டியதும் திரும்பும் நாய். ஊரைச் சுற்றி ஜவ்வாது மலையின் காப்புக்காடு. கோடையில் தண்ணீர் தேடி ஊரோரம் வரும் புள்ளிமானை நாய்கள் துரத்திக் கடித்தன என்ற செய்தி இந்த மாவட்டத்து வாசகருக்குப் பழகிப்போன ஒன்று. அந்தக் கூட்டத்தில் கழுத்துப் பட்டை போட்ட நாயும் இருக்கும். நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் நச்சுயிரி 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் செத்த சிங்கங்களின் உடலில் கண்டறியப்பட்டது. நம் மலையின் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் அது வராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காட்டை விடுங்கள், பட்டியைப் பாருங்கள். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் நாய் கடித்துச் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடினார்கள். 2025இல் அரசு இழப்பீடு தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு விட்ட ஈத்துக்கான விலையை, பத்து ஆட்டை நம்பிப் பிழைக்கும் இன்னொருவர் கொடுக்கிறார்.

மலையூர்க்காரர்களின் நியாயம் தனி என்பதையும் மறக்கக் கூடாது. சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குவதைத் தடுக்க நாய் வேண்டும். அங்கே நாய் அலங்காரப் பொருள் அல்ல, வேலைக்காரன். அந்தத் தேவைக்குக் கருத்தடை எதிரி அல்ல. கொல்லைக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ நல்ல நாய்கள். வேண்டாத நாலைந்தும் கூடவே பிறப்பதுதான் சுமை. நாய் கிடைக்காமல் எந்த மலையூரும் தவித்ததாகக் கேள்வி இல்லை.

அடுத்தது ஆரோக்கியம். ஒரு முறை ஈன்றால்தான் பெண் நாய் நோயில்லாமல் இருக்கும் என்பது இந்தப் பேச்சின் முதுகெலும்பு. அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஈனாமலும் கருத்தடை இல்லாமலும் வயதாகும் நாய்க்கும் சரி, ஒருமுறை ஈன்ற நாய்க்கும் சரி, கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கிறது. வழக்கமாகக் கருத்தடை செய்யாத நாடான சுவீடனில், காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு பெண் நாய்க்கு அந்த நோய் வந்திருந்தது. அவசர அறுவை செய்யாவிட்டால் பெரும்பாலும் சாவுதான். நம் ஊரில் அடிக்கடி காணும் இன்னொன்றும் உண்டு. புணர்ச்சி வழியே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவும் புற்றுநோய் அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்றுச் செல்களின் வழித்தோன்றல்களே இன்றும் உலகெங்கும் நாய்க்கு நாய் பரவிக்கொண்டிருக்கின்றன. குறியில் இரத்தம் சொட்ட, பூக்கோசுபோல் சதை வளர்ந்த நாயைப் பார்க்காத கால்நடை மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் குணமாகும். போட்டு முடிக்கும்வரை கூட்டிவருகிறவர்கள் சிலரே. "ஒரு ஈத்து" என்று தெருவில் சேர விடும்போது கூடவே விடுவது இதையும்தான்.

இந்த இடத்தில் எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை மறைக்கக் கூடாது. எல்லா நாய்க்கும், எந்த வயதிலும், உடனே கருத்தடை என்பது சரியல்ல. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 35 இனங்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கோல்டன் ரெட்ரீவர் போன்ற சில பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுகின்றன. சிறிய இனங்கள் பலவற்றில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. மார்புக் கட்டி வராது என்று 1969ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் காட்டிச் சொல்லிவந்ததும், 2012இல் ஆதாரங்களை மறுபடி எடைபோட்டபோது முன்பு நினைத்த அளவு உறுதியானதல்ல என்று தெரிந்தது. ஆகவே எந்த இனம், என்ன எடை, வெளியே சுற்றுமா சுற்றாதா என்று பார்த்து மருத்துவர் வயதைச் சொல்லட்டும். எப்போது செய்வது என்ற கேள்விக்கான விடை இது. செய்யவே வேண்டாம் என்பதற்கான சான்றாக இதைத் தூக்கிக்கொண்டு வருவது ஏமாற்று.

படித்தவர்கள் நார்வேயை உதாரணம் காட்டுவார்கள். அங்கே தகுந்த காரணமில்லாமல் நாய்க்குக் கருத்தடை செய்வதை விலங்கு நலச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது உண்மை. அந்த நாட்டில் நாயைத் தன் போக்கில் தெருவில் சுற்ற விடுவதில்லை, தெருவில் பிறக்கும் நாய் அநேகமாகக் கிடையாது என்பதும் உண்மை. அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, நோயைப் பரம்பரையாகச் சுமக்கும் விலங்குகளை இணைசேர்க்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவின்படிதான் கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்னும் இன நாய்களை அங்கே பெருக்குவது சட்டத்துக்கு மாறானது என்று 2023இல் நார்வே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கத்தி வேண்டாம் என்ற நாடுதான், கண்டபடி ஈன வைக்காதே என்றும் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. நார்வேயைப் பின்பற்றுவதானால் இரண்டையும் பின்பற்றுங்கள்: நாயைக் கயிற்றில் பிடியுங்கள், கதவைச் சாத்துங்கள், ஒரு ஈத்துக்கும் இடம் கொடாதீர்கள். அதைச் செய்து காட்டுகிறவரிடம் கருத்தடை செய் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆண் நாயின் காவல் பற்றிய அச்சம் நேர்மையானது, ஆனால் தவறானது. காவல் குணம் தன் இடம், தன் ஆட்கள் என்ற பற்றிலிருந்தும் வளர்ப்பிலிருந்தும் வருவது. விதை எடுத்ததால் அது போவதில்லை. குறைவது அலைச்சல். எங்கோ ஒரு பெண் நாய் பருவத்துக்கு வந்ததென்று மூன்று நாள் வீட்டுப் பக்கமே வராமல், சண்டையில் காது கிழிந்து திரும்பும் நாய் அந்த மூன்று இரவும் யார் வீட்டைக் காத்தது? அதற்காகக் கருத்தடை செய்தால் எல்லாக் கோபமும் அடங்கிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பயத்தில் கடிக்கும் நாய்க்கு வேண்டியது பழக்கமும் பயிற்சியும்.

இனி நாட்டு இனம். இது உணர்ச்சி மிகுந்த வாதம், ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சிக்குப் பின் இன்னும் சூடேறிய வாதம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நம் பெருமைதான். 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இவற்றின் பெயர்களைச் சொன்னார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வள நிறுவனத்தின் பதிவில் ஏறிவிட்டன. இந்த இனங்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இனம் என்பது எப்படி உண்டாகிறது? இன்னதோடு இன்னது சேரலாம், மற்றது சேரக் கூடாது என்று பல தலைமுறை ஆட்கள் கறாராக இருந்ததால். கிராஸ் விடுவதற்கு இணை பார்த்தவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் அதிகம். எல்லா நாயும் எல்லாவற்றோடும் சேர விட்டிருந்தால் சிப்பிப்பாறை என்றொரு இனமே இருந்திருக்காது. ஆக, இனத்தைக் காக்க விரும்புகிறவருக்கே கருத்தடை முதலில் வேண்டியது. தேர்ந்தெடுக்காத நாய்களைப் பெருகாமல் நிறுத்தத் தெரியாதவர் இனம் காக்கவில்லை, கலக்கிறார்.

தேர்வும் கண்மூடித்தனமாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ராஜபாளையமே சாட்சி. பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்ற தோற்றத்தையே தேடித் தேடிச் சேர்த்ததில் பிறவிச் செவிடும் கூட வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் பட்டுப்போகின்றன. டால்மேஷியனுக்கு உள்ள கோளாறும் இதுவே. காது கேட்காத காவல் நாயை யார் வாங்குவார்கள்? அந்தக் குட்டிகள் எங்கே போகின்றன என்று பெருமை பேசும் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை. அரசு நடத்தினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்திய நாட்டு நாய் இனப்பெருக்க மையத்தின் நிலைமை விலங்கு நல அமைப்பினரால் வழக்காகி, கடைசியில் அதை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இனத்தின் மேல் வெளிநாட்டுச் சதி என்று அப்போது கூச்சல் எழுந்தது. ராஜபாளையத்து நாய் வாழ்வது ராஜபாளையத்துத் தோட்டங்களிலும் களங்களிலும். சென்னையில் ஒரு கூண்டு மூடப்பட்டதால் அழிந்துவிடும் அளவுக்கு அது நோஞ்சான் அல்ல.

வெளிநாட்டு இனங்களை வைத்துக் காசு பார்ப்பவர்களிடம் இந்த இரக்கப் பேச்சுக்கூடக் கிடையாது. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய்க்கு இந்தியா முழுவதும் ஆசை பிறந்தது. மூக்கே இல்லாத முகம், மூச்சுவிடவே பாடு. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்த வழி அடைபட்ட பிராணியை, சித்திரையில் 40 டிகிரி தாண்டும் வாணியம்பாடிக்கு வாங்கி வருகிறோம். பக் நாயின் உடல்நிலையை மற்ற நாய்களின் உடல்நிலையோடு ஒப்பிட்ட லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள், உடல்நலக் கோணத்தில் அதை இனி வழக்கமான நாயாகக் கருத முடியாது என்றே 2022இல் எழுதினார்கள்.

2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் கொண்டுவந்தது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த குட்டி வியாபாரிகளில் எத்தனை பேர் பதிவு எண் காட்டினார்கள்? 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டு, நம் வெயிலுக்கு ஒவ்வாத பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்றவற்றை இங்கே பெருக்கக் கூடாது என்றது. உடனே எதிர்ப்பு எழுந்தது. குளிர்சாதன அறை இருக்கிறதே என்பது அந்த எதிர்ப்பில் கேட்ட ஒரு வாதம். ஒரு பிராணி அறைக்குள்ளேயே இருந்தால்தான் உயிர்வாழும் என்றால், அதை மேலும் மேலும் பிறப்பிப்பதற்கு வியாபாரம் தவிர வேறு காரணம் இல்லை.

கடைசியாக, "கருத்தடை செஞ்சு என்ன பலன்? சென்னையைப் பாருங்க" என்ற வாதம். சென்னை மாநகராட்சி 1996இல் நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. புளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்தே கேட்டுவந்தது அது. அதன் பிறகும் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். ஆனால் அவற்றில் கருத்தடை ஆனவை நாலில் ஒரு பங்கு அளவே. பத்தில் ஏழு நாய்க்காவது குறுகிய காலத்தில் செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். நாலில் ஒன்றுக்குச் செய்துவிட்டு முறை தோற்றது என்பது, பாதிக் கிணறு தோண்டித் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுதான். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பதினொரு நாளில் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களிலிருந்து அகற்றச் சொன்னது. நீதிமன்றங்கள் இப்படித் தடுமாறுவது, பிறந்துவிட்ட நாயை என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல விடை இல்லாததால். அதற்கிடையே தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாய்க்கடிக்கு ஆளாகிறார்கள். நல்ல விடை, நாய் பிறக்கும் முன்புதான் இருக்கிறது. அதில் தெருநாயின் பங்கு அரசின் கையில். வீட்டு நாயின் பங்கு நம் கையில்.

அரசு தன் பங்கைச் செய்யவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. கிராமத்துக் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே அமைந்தவை. நாயின் கருப்பையை எடுக்க அறுவைக்கூடம், மயக்க மருந்து, கைப்பழக்கம் உள்ள மருத்துவர், அறுவைக்குப் பின் சில நாள் கவனிப்பு எல்லாம் வேண்டும். தனியார் மருத்துவமனையில் அதற்குச் சில ஆயிரம் ஆகும். ஒரு நாள் கூலியும் போகும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையிறங்கி வருகிறவரிடம் அதைக் கடமை என்று சொல்வதற்கு முன், வழி செய்து தர வேண்டும். தையல் பிரிந்து புழுவைத்த நாயை ஒருமுறை பார்த்த ஊர், அடுத்த முகாமுக்கு எந்த நாயையும் அனுப்பாது. ஆகவே அவசர கதியில் எண்ணிக்கை காட்டும் முகாம்களும் வேண்டாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்வதாகச் சுற்றறிக்கை விட்டு, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கருத்தடையைத் தண்டனையாகக் காட்டினால் மக்கள் அதைத் தண்டனையாகவே நினைப்பார்கள்.

வேண்டியது இவ்வளவுதான்: ஒன்றியத்துக்கு ஒரு மருந்தகத்திலாவது, ஐப்பசிக்கு முன், வாரத்தில் ஒரு நாள் நாய்களுக்கென்று ஒதுக்கிய அறுவை நாள், வீட்டு நாய்க்குக் கட்டணமில்லை, வெறிநோய் ஊசியும் அங்கேயே. வளர்ப்பவர் பக்கத்தில் ஒரே விதி: நாயை இணைசேர விடுமுன், பிறக்கப்போகும் அத்தனை குட்டிக்கும், பொட்டைக் குட்டி உட்பட, எடுத்து வளர்க்கப்போகும் வீட்டுக்காரர் பெயரைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஆறு பெயர் வந்தால் ஈனட்டும். குட்டிகளுக்கு எட்டு வாரம்வரை தாயோடு இடம் கொடுங்கள், ஊசி போட்டு அனுப்புங்கள். பெயர் வரவில்லை என்றால் நாயைக் கருத்தடைக்குக் கூட்டிப் போங்கள். மருந்தகத்தில் அதற்கு வசதி இல்லை என்றால் மாவட்ட ஆட்சியர் குறைதீர் நாளில் மனுவோடு நில்லுங்கள், ஊரையும் கூட்டி நில்லுங்கள். குட்டிகளை மலைச் சாலையில் விட்டுவிட்டு வந்த கையால் அந்த மனுவில் கையெழுத்துப் போட முடியாது.